துரு கிடக்கட்டும் தம்பி, மொதல்ல தகடு எவ்வளவு கனம்னு பாருங்க

கீழக்கரைலேருந்து ஒரு தம்பி எழுதிருக்காரு. ஒரு ஏஜெண்ட் மூலமா ஐரோப்பா போர்வீரன் மாடல் இரும்பு ஹெல்மெட்டும் கம்பி வளையம் கோத்த செயின்மெயில் சட்டையும் 31,000 ரூவாய்க்கு வாங்கிருக்காரு. சட்டை எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), ஹெல்மெட் 14 கேஜ் (கேஜ்னா தகட்டுக் கனத்தோட நம்பர்), போட்டுக்கிட்டு தாராளமா அடிச்சு விளையாடலாம்னு சொல்லி வித்திருக்காங்க. வீடு கடலுக்குப் பக்கம். ரெண்டு மாசத்துல சட்டைல சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாப் பூத்து, அப்புறம் கழுத்துலயும் அக்குள்லயும் செவப்பாத் துரு வந்துருச்சு. தேங்காண்ணெ தேச்சு வச்சாராம், இப்ப பிசுபிசுன்னு சிக்கு வாடை அடிக்குதாம். ஹெல்மெட் ஓரத்துல வெர்னியர், அதான் கனம் அளக்குற கருவி, வச்சுப் பாத்தா 2.4 மில்லி வருதுண்ணே, அப்ப கேஜ் சரிதானே, துருவை மட்டும் எப்படி எடுக்குறது, பொங்கலுக்கு கூட்டாளிகளோட சிலம்பக் கம்பால அடிச்சுப் பாக்கலாமான்னு கேக்குறாரு. போட்டோவும் அனுப்பிருக்காரு.

தம்பி, நீங்க துருவைப் பத்திக் கவலைப்படுறீங்க, எனக்கு உங்க ஹெல்மெட்டப் பாத்துதான் பயம். துருவை ஒரு ஞாயித்துக்கிழமைல எடுத்துறலாம். அந்த ஹெல்மெட்டப் போட்டுக்கிட்டு பொங்கலுக்கு யார்ட்டயும் அடி வாங்காதீங்க, அத மொதல்லயே சொல்லிர்றேன், மிச்சத்தப் படிக்காட்டியும் பரவால்ல.

ஏன்னா நீங்க அளந்த எடம் தப்பு. உங்க மூணாவது போட்டோல ஓரம் நல்லாத் தெரியுது, அது மடிச்சு அடிச்ச ஓரம், அதாவது தகட்ட உள்பக்கமா ஒரு சுத்து மடிச்சு விட்டிருக்காங்க, அங்க வெர்னியர் வச்சா ரெண்டு தகடு சேந்துதான் காட்டும். 2.4ஐ ரெண்டாப் பிரிங்க, 1.2 வருதா, அது 18 கேஜ். கேஜ் நம்பர் கூடக் கூட தகடு மெலிசு, இது நிறையப் பேருக்குத் தெரியாது, 18 பெரிய நம்பர்தானே அப்ப கெட்டியா இருக்கும்னு நெனச்சுக்குறாங்க. 16 கேஜ் சுமாரா 1.6 மில்லி, 14 கேஜ் 2 மில்லி கிட்ட. சரியா அளக்கணும்னா மூச்சு விடுறதுக்கு ஓட்டை போட்டிருப்பாங்கள்ல, இல்ல கண்ணுக்கு விட்ட சந்து இருக்கும்ல, அதுக்குள்ள வெர்னியர் வாயை விட்டு ஒத்தத் தகடாப் பிடிச்சு அளங்க. உச்சந்தலை பக்கம் இன்னும் மெலிசா இருக்கும், ஏன்னா தகட்ட குவிச்சு அடிக்கிறப்ப அங்கதான் இழுபட்டு மெலியும், அடி விழுறதும் அங்கதான்.

அமெரிக்கால 1966லேருந்து பிரம்புக் கம்பால அடிச்சு விளையாடுற பெரிய கூட்டம் ஒண்ணு இருக்கு, எஸ்.சி.ஏ.ன்னு பேரு, அவங்க விதிப்படி ஹெல்மெட் 16 கேஜுக்குக் கொறஞ்சா களத்துலயே விட மாட்டாங்க. அது பிரம்புக்கு. மழுங்கடிச்ச இரும்பு வாளால அடிக்கிறது வேற கதை, 2010ல பேட்டில் ஆஃப் தி நேஷன்ஸ்னு நாடு நாடாப் போய் மோத ஆரம்பிச்சாங்களே, அவங்க ஹெல்மெட் இன்னும் கனம். உங்களுது கண்ணாடி ஷெல்ஃப்ல வைக்கிறதுக்குன்னு செஞ்சது. ஒரு வலுவான அடிக்கு உள்பக்கமாக் குழி விழும், அந்தக் குழி உங்க மண்டைல போய்த்தான் நிக்கும்.

இதுல என்னை எரிய வைக்கிறது அந்த ஏஜெண்டு வேலைதான். பத்துப் பதினோரு வருசமா உச்சிப்புளி பக்கம் பட்டறை வச்சு ஷீட் வேலை பாக்குறேன், படகுக்கு ஃபிட்டிங்ஸ் அடிக்கிற நேரம் போக கவசம் அடிக்கிறேன், எங்கிட்ட ரிப்பேருக்கு வர்ற பத்து ஹெல்மெட்டுல ஏழெட்டு இதே மடிச்ச ஓரம் இதே 14 கேஜ் பொய். இம்போர்ட்னு சொல்லுவாங்க. ஐரோப்பால வித்துக்கிட்டிருக்குற கவசத்துல ஏகப்பட்டது நம்ம நாட்டுல, டேராடூன் பக்கம் அடிச்சு ஏத்துமதி ஆகுறதுதான், அங்க நல்ல வேலைக்காரங்க இருக்காங்க, கனமான தகடு கேட்டு காசு குடுத்தா கனமாத்தான் செஞ்சு குடுப்பாங்க. நடுவுல நிக்கிறவன் இருக்கான் பாருங்க, அவன் அலங்காரத்துக்கு அடிச்ச சரக்கை வாங்கி சண்டைக்குன்னு பேரு மாத்தி வெலைய ஏத்துறான். அப்புறம் பாதில போன் பண்ணி கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சு இன்னொரு நாலாயிரம் அனுப்புங்கன்னு கேப்பான். டேராடூன்லேருந்து ராம்நாட்டுக்கு லாரில வர்ற சாமானுக்கு கஸ்டம்ஸ் எங்கேருந்து தம்பி வரும்? வாங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வீடியோ கேளுங்க, ஓட்டைக்குள்ள வெர்னியர் வச்சு அளந்து காட்டச் சொல்லி. தர மாட்டேன்னா அந்த ஆள்கிட்ட வாங்காதீங்க.

இன்னொண்ணு காந்தம். எஸ்.எஸ்.ஸானு கேட்டா காந்தத்த வச்சுக் காட்டி பாருங்க ஒட்டலைல்லன்னு சொல்லுவாங்க. எஸ்.எஸ்.ல 304, 202, 316னு நம்பர் வச்ச ரகங்க உண்டு, 304ம் ஒட்டாது, மட்டமான 202ம் ஒட்டாது, அப்ப காந்தத்த வச்சு என்ன தெரியும்? கம்பியா இழுத்து வளையமா முறுக்குனா நல்ல 304 கூட லேசா ஒட்டும், அதனால ஒட்டுனாலும் ஒண்ணும் சொல்ல முடியாது. 202ல நிக்கலக் கொறைச்சு மாங்கனீஸ் போட்டிருப்பாங்க, அதக் கண்டுபிடிக்க பழைய எஸ்.எஸ். வாங்குற கடைகள்ல ஒரு சொட்டு மருந்து வச்சிருப்பாங்க, விட்டுப் பாத்தா மாங்கனீஸ் சரக்கு செவக்கும். நம்ம கரைக்கு 304 கூடத் திணறும், 316தான் தாங்கும், அதுல மாலிப்டினம் சேத்திருக்கும். பாம்பன் பாலத்துக்கு 1914லேருந்து விடாம பெயிண்ட் அடிச்சு அடிச்சுத்தான் காப்பாத்துனாங்க, புதுப் பாலத்துக்கு உள்ள கம்பியே ஸ்டெயின்லெஸ் போட்டுருக்காங்க, அந்தக் காத்துல உங்க சட்டை மட்டும் எப்படித் தப்பும்.

சரி உங்க சட்டைக்கு வருவோம். அது எஸ்.எஸ். இல்ல. வெள்ளையாப் பூத்துச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அது துத்தநாகம், அதாவது ஜி.ஐ., துத்தநாகம் பூசுன இரும்புக் கம்பி வளையம். எம்.எஸ்.ஸா, அதாவது பூச்சில்லாத சாதா இரும்பா இருந்தா நேரா செவப்பு வந்திருக்கும், எஸ்.எஸ்.ல வெள்ளைப் பொடி பூக்காது. ஜி.ஐ. மோசம்னு சொல்ல மாட்டேன், விலைக்கு நல்லதுதான், எஸ்.எஸ். வெலைல வித்ததுதான் மோசம்.

தேங்காண்ணெய நிறுத்துங்க. நாளாச்சுன்னா அது புளிச்சு அமிலமா மாறி துத்தநாகத்தையே திங்கும், அந்தப் பிசுபிசுப்பு அதுல வந்ததுதான். அதவிட முக்கியம், நீங்க உப்பு மேல எண்ணெ போட்டுட்டீங்க. வீட்டுல கல்லுப்பு ஜாடி மழை நாள்ல கசியுதுல்ல, காத்துல ஈரம் 75 சதவீதத்துக்கு மேல போனா உப்பு தானாத் தண்ணியாகும், நம்ம ஊர்ல ராத்திரி அது சர்வ சாதாரணம். கடக்காத்துல வந்த உப்பு வளையத்து மேல உக்காந்திருக்கு, வேர்வை உப்பும் சேந்திருக்கு, அதுக்கு மேல எண்ணெய ஊத்துனா உப்பப் பூட்டி வச்ச மாதிரிதான், அடில அது பாட்டுக்கு அரிக்கும். மொதல்ல நல்ல தண்ணில கழுவணும், அப்புறம்தான் எண்ணெ.

நல்ல தண்ணின்னு சொன்னா போர் தண்ணி இல்ல. உங்க பக்கம் பாதி போர்ல உப்புதான் வரும், அதுல கழுவுறதும் ஒண்ணு கடல்ல முக்குறதும் ஒண்ணு. காவிரித் தண்ணி வர்ற அன்னைக்கு ரெண்டு குடம் எடுத்து வைங்க, இல்லன்னா கேன் தண்ணி. சுடுதண்ணில பாத்திரம் கழுவுற சோப்பப் போட்டு சட்டைய ஊற வச்சு பழைய பல் பிரஷால தேச்சா பிசுக்கு போகும், அப்புறம் வெறும் தண்ணில மூணு தடவ அலசுங்க, வெயில்ல கயித்துல போட்டு அப்பப்ப உதறி விடுங்க, வளையம் ஒண்ணோட ஒண்ணு உரசுற எடத்துலதான் தண்ணி நிக்கும். நல்லாக் காஞ்சதும் தையல் மெஷின் எண்ணெ, துணில தொட்டு லேசாத்தான். வைக்கிறது மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவுல, சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு. சாக்குல கட்டி வைக்காதீங்க, சாக்கு ஈரத்தக் குடிக்கும்.

இப்ப யாராவது உங்கள்ட்ட வினிகர்ல போட்டு எடு, மணலோட டிரம்ல உருட்டுன்னு சொல்லுவாங்க. சொல்றது தப்பில்ல, அந்தக் காலத்துலயே ஐரோப்பால பீப்பாய்ல மணலோட போட்டு உருட்டித்தான் துரு எடுத்தாங்க, ஆனா அது வெறும் இரும்பு வளையத்துக்கு. உங்களுக்கு மேல துத்தநாகம் இருக்கு, வினிகர் மொதல்ல அதத்தான் கரைக்கும், மணல் மொதல்ல அதத்தான் சுரண்டும், பளபளன்னு வெளில வரும், பத்து நாள்ல முழுச் சட்டையும் செவந்துரும். அதனால ஜி.ஐ.க்கு வினிகரும் கூடாது மணலும் கூடாது. ஒரே ஒரு விதிவிலக்கு, இது கொஞ்சம் கவனமாக் கேளுங்க. துத்தநாகம் ஏற்கெனவே முழுசாப் போயிட்ட சட்டைன்னா காப்பாத்த ஒண்ணும் இல்ல, அப்ப அது எம்.எஸ். சட்டை மாதிரிதான், உருட்டலாம். ஆனா போயிருச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்? கழுவிக் காய வச்சதும் பாருங்க, சாம்பல் நிறமா மங்கலா இருக்குற வளையம் எல்லாம் இன்னும் துத்தநாகம் உள்ளது, அது அழுக்கு மாதிரி இருக்கும், தேச்சு வெளுக்க நினைக்காதீங்க, அந்தச் சாம்பல்தான் காவல். செவப்பா சொரசொரன்னு இருக்குறதுதான் போனது. உங்க போட்டோல கழுத்தும் அக்குளும் மட்டும்தான் செவப்பு, அப்ப அந்த விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்தாது. செவந்த வளையத்த மட்டும் ரெண்டு குறடு வச்சுப் பிரிச்சு எடுத்துட்டு அதே கனத்துல புது ஜி.ஐ. கம்பிய ஒரு ராடுல சுத்தி வெட்டி, ஒரு வளையம் பக்கத்து நாலு வளையத்தோட சேர்ற மாதிரி கோத்துருங்க. உருட்டியே ஆகணும்ங்குற வேற தம்பிங்களுக்கும் ஒரு வார்த்தை, கடற்கரை மணல் வேண்டாம், அது முழுக்க உப்பு, ஆத்து மணல அலசிக் காய வச்சுப் போடுங்க, வினிகர் விட்டா முடிஞ்சதும் சமையல் சோடாத் தண்ணில ஒரு அலசு. ஜி.ஐ. வளையத்த அடுப்புலயோ கேஸ்லயோ காட்டாதீங்க, அந்த வெள்ளப் புகைய இழுத்தா ராத்திரிக்குக் குளிர் காய்ச்சல் மாதிரி தூக்கிப் போடும், எங்க பட்டறைல ஒரு பையனுக்கு வந்திருக்கு.

உங்க சட்டை ரிவெட் அடிக்காத வளையம், சும்மா முனையோட முனை சேத்தது. இழுபட்டாப் பிரியும், குத்தைத் தாங்காது, கம்படிக்கும் போட்டோவுக்கும் போதும். ஆனா உள்ள பஞ்சு வச்சுத் தைச்ச கனமான சட்டை இல்லாம வெறும் பனியன் மேல போட்டா ஒரு பிரயோஜனமும் கிடையாது, வளையம் வெட்டைத்தான் தடுக்கும், அடியோட வேகத்த வாங்குறது பஞ்சுதான். பழைய பருத்தி வேட்டிய பத்துப் பன்னெண்டு மடிப்பாக் கோடு கோடாத் தைக்கச் சொல்லி டைலர்ட்ட குடுங்க. கனமான வேற ஹெல்மெட் கெடச்சப்புறம் விளையாடுறப்ப, வெயிலுக்கு முன்னாடி காலைல ஆறு மணிக்கு ஆரம்பிங்க, அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தடவ ஹெல்மெட்டக் கழட்டுங்க, தலை சுத்துனா அன்னைக்கு அதோட நிறுத்திருங்க.

கம்பு பிரம்பாத்தான் இருக்கணும். மூங்கில் சிலாம்பு சிலாம்பாப் பிளக்கும், அந்தச் சிலாம்பு கண்ணுச் சந்துக்குள்ள ஊசி மாதிரி போகும். பிரம்பு அடிபட்டா நாராத்தான் பிரியும், அதனாலதான் வெளிநாட்டுலயும் அதையே வச்சிருக்காங்க. மேல துணி டேப் சுத்திக்கங்க.

இரும்பு வாள் வாங்கலாமான்னு கடைசி வரில கேட்டிருக்கீங்க. இப்ப வேண்டாம். ஆயுதச் சட்டம் 1959, அதோட விதிகள்ல வாள் பேரு சொல்லியே வருது, 9 இஞ்சு நீளத்துக்கு மேலயோ 2 இஞ்சு அகலத்துக்கு மேலயோ போற மத்த பிளேடும் வருது, வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்குன்னு செஞ்சது மட்டும் வராது. கவசம் ஆயுதம் கிடையாது. ஆனா அத பார்சல் புக் பண்ற கவுண்டர்ல உக்காந்திருக்குறவங்களுக்கு யாரு புரிய வைக்கிறது? ஒரே ஹெல்மெட்ட ஒரு தடவ பொம்மைன்னு புக் பண்ணாங்க, ஒரு தடவ பழைய இரும்புன்னாங்க, ஒரு தடவ ஆயுதம்னு சொல்லி மூணு நாள் என்னை அலைய விட்டாங்க, எழுதிக் குடுங்க எந்த விதின்னு கேட்டா ஒருத்தர்கிட்டயும் பதில் இல்ல. ஒரு செக்போஸ்ட்ல சாக்கப் பிரிச்சு ஒவ்வொண்ணா ரோட்டுல பரப்பி வச்சு ஒரு மணி நேரம் நிக்க வச்சாங்க, ஒழுங்கா வேலை செஞ்சு பொழைக்கிறவன அலைக்கழிக்கிறதுக்கு மட்டும் நேரம் இருக்கு, பொய் கேஜ் சொல்லி மண்டைய ஒடைக்கிற சாமான விக்கிறவன யாரும் ஒரு கேள்வி கேக்குறதில்ல. எடுத்துட்டுப் போறப்ப பில்லு, போட்டுக்கிட்டு எடுத்த போட்டோ ரெண்டும் போன்ல வச்சுக்கங்க.

ஹெல்மெட்டுக்கு, அந்த ஏஜெண்டுக்கு ஓட்டைக்குள்ள அளந்த போட்டோவ அனுப்பி 14 கேஜ்னு அவரு எழுதுன மெசேஜோட சேத்து காசக் கேளுங்க, குடுக்கலைன்னா நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் பதிங்க, மெசேஜ் எதையும் அழிச்சுராதீங்க. புதுசு செய்றதா இருந்தா உச்சிக்கு 14 கேஜ், சுத்திவரப் பக்கத்துக்கு 16, உள்ள அரை இஞ்சு ஃபோம், முகத்துல கம்பு முனை நுழையாத தடுப்பு, நாடிக்குக் கீழ தோல் வார். தலைச் சுத்தளவு எடுக்குறப்ப பஞ்சுக் குல்லாயப் போட்டுக்கிட்டு எடுங்க, வெறுந்தலைல எடுத்து அனுப்பாதீங்க.