கட்டி இல்லை, ஆனால் மார்புத் தோல் மாறுகிறது. புற்றுநோயாக இருக்குமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: வயது 41, செந்தூலில் இருக்கிறீர்கள், இடது மார்பு 10 நாளாக வீங்கிச் சூடாக இருக்கிறது, தடவினால் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை, கிளினிக்கில் கொடுத்த ஆன்டிபயாட்டிக் முடியப்போகிறது, குறையவில்லை. இது புற்றுநோயாக இருக்குமா?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இப்படி வீங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது வெறும் கிருமித் தொற்றுதான். ஆனால் "கட்டி இல்லையே" என்பதை மட்டும் ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அழற்சி மார்பகப் புற்றுநோய் என்று ஒரு வகை உண்டு, அதில் பல பேருக்குக் கட்டி தட்டுப்படாது. நான் டாக்டர் இல்லை, பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். என் அண்ணிக்கு இப்படித் தொடங்கியபோது நாங்கள் எல்லோரும் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஐந்து வாரத்தைத் தொலைத்தோம்.

தைப்பூசத்துக்கு முந்திய வாரம். அண்ணி விரதத்தில் இருந்தார். "ஒரு பக்கம் மட்டும் பிரா இறுக்குதுடி" என்றார். விரதச் சூடு என்று சொல்லி, மஞ்சளும் சந்தனமும் அரைத்துப் பற்றுப் போட்டோம். சரியாகவில்லை. கிளினிக்குக்குப் போனார் (பெயர் வேண்டாம்), பால் கட்டினால் வருகிற மாதிரியான அழற்சி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அண்ணியின் இளையவன் அப்போது படிவம் 2 படித்துக்கொண்டிருந்தான். அவர் பால் கொடுத்து நிறுத்தி 13 வருஷம் ஆகியிருந்தது. அதை அவரும் சொல்லவில்லை, அங்கே யாரும் கேட்கவும் இல்லை. மாத்திரை முடிந்ததும் இன்னொரு மாத்திரை.

நான் முதன்முதலில் பயந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அண்ணி குளித்துவிட்டு வந்து "கொஞ்சம் பாரு" என்று காட்டினார். பிராவின் லேஸ் பூவெல்லாம் தோலில் அச்சடித்த மாதிரி பதிந்து கிடந்தது. அவிழ்த்து ஒரு மணி நேரம் ஆகியும் அந்தப் பூ மறையவில்லை. வலது பக்கத்தில் சாதாரணத் தோல். இடது பக்கத்தில் தடித்து, குழி குழியாக, தம்புன் பம்ளிமாஸ் பழத்தின் மேல்தோல் மாதிரி. டாக்டர்கள் ஆரஞ்சுத் தோல் என்கிறார்கள். எனக்கு அன்று தோன்றியது பம்ளிமாஸ்தான்.

இதுதான் அந்த அழற்சி மார்பகப் புற்றுநோய். அரிதான வகை, மார்பகப் புற்றுநோய்களில் 1 முதல் 5 சதவீதம் என்கிறார்கள். புற்றுச் செல்கள் மார்புத் தோலுக்குள் ஓடும் நிணநீர்க் குழாய்களை அடைத்துவிடுகின்றன. வடிய வேண்டிய நீர் வடியாமல் தோலிலேயே தேங்குகிறது. தோல் உப்பும்போது, மயிர்க்கால்கள் இருக்கும் இடம் மட்டும் உள்ளே இழுபட்டு நிற்கும். அதுதான் அந்தக் குழிகள். செல்கள் ஓரிடத்தில் திரளாமல் பரவிக் கிடப்பதால் பல பேருக்குக் கையில் கட்டி தட்டுப்படுவதே இல்லை. மேமோகிராமில்கூட (மார்பக எக்ஸ்ரே) கட்டியாகத் தெரியாமல் போகலாம்.

இன்னொன்று, நம் நிறத்துக்காகவே சொல்ல வேண்டியது. எல்லா விளக்கத்திலும் "மார்பு சிவக்கும்" என்று எழுதியிருக்கும். வெள்ளைத் தோல் படத்தைப் பார்த்துவிட்டு நாம் அந்தச் சிவப்பைத் தேடிக்கொண்டிருப்போம். மாநிறத்திலும் கறுப்பிலும் அது அப்படித் தெரியாது. அண்ணிக்கு மங்குஸ்தீன் ஓட்டின் நிறத்தில், அடிபட்டுக் கன்றிப்போன மாதிரி இருந்தது. சிலருக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகக் கறுத்தது போல மட்டும் இருக்கும். அதனால் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கி, இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். புறங்கையை வைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் சுடுகிறதா? சில வாரத்துக்குள் கனத்துப் பெரிதாகிவிட்டதா? இதுவரை வெளியே இருந்த காம்பு இப்போது உள்ளே போயிருக்கிறதா (பிறந்ததிலிருந்தே அப்படி என்றால் அது வேறு)? அக்குளிலோ காறை எலும்புப் பக்கமோ நெறி கட்டியிருக்கிறதா? போனில் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும், ஆனால் "போன வாரம் இவ்வளவு இல்லை டாக்டர்" என்று வாயால் சொல்வதைவிட அது எடுபடும்.

தொற்றா இதுவா என்று வீட்டிலிருந்து பிரிக்க முடியாது. தொற்று என்றால் காய்ச்சல் வருவதும் சீழ் கட்டுவதும் உண்டு, ஆன்டிபயாட்டிக்குக்குக் கேட்கும். இதில் பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது. பால் கொடுக்காத பெண்ணுக்கு இப்படி வந்தாலே டாக்டர்கள் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் யோசிக்க வேண்டும். நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்றுதான்: மாத்திரை தொடங்கி 7 முதல் 10 நாளுக்குள் நன்றாகக் குறையவில்லை என்றால், அடுத்தது இன்னொரு மாத்திரை இல்லை. மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், அப்புறம் பயாப்சி (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது). தோலில் சின்னத் துண்டு எடுத்தும் பார்ப்பார்கள். நீங்கள் 10 நாளைத் தொட்டுவிட்டீர்கள்.

"ஊசி குத்தினால் பரவிடும்" என்று யாராவது சொல்வார்கள். எங்களுக்கும் ஒரு பெரியம்மா சொன்னார். கேட்காதீர்கள். இந்த வகை கண்டுபிடிக்கும்போதே குறைந்தது மூன்றாம் கட்டத்தில்தான் இருக்கும், இரண்டு வாரம் தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை. சிகிச்சை இருக்கிறது. வரிசை மட்டும் வேறு: முதலில் கீமோ, அப்புறம் அறுவை சிகிச்சை, அதன் பிறகு கதிர்வீச்சு. "ஏன் உடனே எடுக்க மாட்டேங்கிறாங்க, கைவிட்டுட்டாங்களா?" என்று அண்ணி அழுததற்கு இந்த வரிசை தெரியாததுதான் காரணம். கீமோவில் தோல் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வந்ததைப் பார்த்த பிறகுதான் அவர் சரியாகச் சாப்பிடவே தொடங்கினார். மூன்று வருஷம் ஆகிறது. போன தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படி முழுக்க ஏறினார், நான்தான் பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

நாளைக் காலையிலேயே பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க கிளினிக்) போங்கள். குடியுரிமை இருந்தால் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம், இல்லாவிட்டால் மிஸியை (நர்ஸை) கூட நிற்கச் சொல்லலாம். தமிழ் தெரியாத டாக்டர் என்றால் மலாயில் இதைச் சொல்லுங்கள்: "செபெலா பெங்காக், கூலிட் மாச்சாம் கூலிட் லீமாவ், டா மாக்கான் ஆன்டிபயோட்டிக், தா குராங்." (ஒரு பக்கம் வீக்கம், தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி, ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாச்சு, குறையவில்லை.) பால் கொடுக்கவில்லை என்றால் அதையும் அவர்கள் கேட்காமலே சொல்லிவிடுங்கள். சுராட் ருஜுக்கான் (பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் கடிதம்) வாங்காமல் எழுந்து வராதீர்கள். சாப்பிட்ட மாத்திரை அட்டையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், முன்னால் பட்டன் வைத்த சட்டை போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் மட்டும் பூசிக்கொண்டு போகாதீர்கள். அண்ணியைப் பார்த்த டாக்டர், தோலின் நிறம் தெரிவதற்குள் பஞ்சை நனைத்துத் துடைத்துத் துடைத்து ஓய்ந்துபோனார்.