ஹுயுட்டியாலா காட்டில் நெருப்பு மூட்டலாமா?

பின்லாந்தின் ஹுயுட்டியாலா வனநிலையத்தில் தங்கும்போது ஏரிக்கரையில் விறகு சேர்த்து நெருப்பு மூட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. அங்கே நாமாகவே மூட்ட முடியாது. பின்லாந்தில் அடுத்தவர் நிலத்தில் நெருப்புக்கு உரிமையாளர் அனுமதி வேண்டும்.

குழப்பம் 'எல்லோருக்கும் உள்ள உரிமை' என்ற வழக்கத்தால் வந்திருக்கும். யார் காட்டிலும் நடக்கலாம், பெர்ரி, காளான் பறிக்கலாம், வீடுகளைவிட்டுத் தள்ளி ஓரிரவு கூடாரமும் போடலாம். சரி, ஆனால் நெருப்பு அதில் சேராது.

ஹுயுட்டியாலா, ஹெல்சிங்கி பல்கலைக்கழகம் 1910 முதல் நடத்தும் வனநிலையம். 1996இலிருந்து இங்கே காற்றிலுள்ள நுண்துகள்களை இரவு பகலாக அளக்கிறார்கள். உங்கள் புகை யாருடைய ஆய்வுத் தரவிலாவது ஏறி உட்கார்ந்துகொள்ளும்!

செய்ய வேண்டியது:
1. அறை பதியும்போதே நெருப்பிட ஒதுக்கிய இடம் உண்டா என்று நிலையத்தாரிடம் கேளுங்கள். சானா எனும் வெந்நீராவிக் குளியல் அறையையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கணப்பு வேண்டுமென்றால் எனக்கு அதுதான் மேல்.
2. கிளம்பும் அன்று பின்லாந்து வானிலை நிறுவனத்தின் காட்டுத்தீ எச்சரிக்கையைப் பாருங்கள். அது அமலில் இருந்தால், அனுமதி கிடைத்திருந்தாலும் திறந்தவெளியில் நெருப்பு கூடாது.

டீ போட மட்டும்தான் என்றால் சிறிய கேஸ் அடுப்பு போதும். அது திறந்த நெருப்புக் கணக்கில் வராது. சுள்ளி அடுப்பு வரும். அப்புறம், மரங்களுக்கிடையே ஓடும் ஆய்வுக் கருவிகளின் கேபிள்களை மிதிக்காதீர்கள்.