புருவத்தின் மேலும் மூக்கோரத்திலும் விடாத வலி

கேள்வி: எனக்கு வயது 43. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பைக்கில் சென்று ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். சில மாதங்களாக வலது புருவத்தின் மேலும் மூக்கின் வலப்பக்கத்திலும் வலி இருக்கிறது; சில நாள் மேலுதடு வரை இறங்குகிறது. சைனஸ் மாத்திரையால் பயனில்லை. கண்ணில் நோய் இல்லை என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார். பேரேட்டில் எழுத்துகள் குதிப்பதுபோலவும் தெரிகின்றன. என்ன காரணம்?

இயன்முறை மருத்துவரின் பதில்: நீங்கள் சொல்லும் வலியின் வழித்தடம் கண்ணைச் சுற்றி வளையமாக அமைந்து இமையை மூடும் தசையைச் சந்தேகிக்க வைக்கிறது. கண் கூசும்போது நாம் சுருக்குவது இந்தத் தசையைத்தான். நெடுநேரம் இறுகியே இருந்தால் அதில் தொட்டால் நோகும் முடிச்சு உண்டாகி, வலி அங்கே நிற்காமல் புருவத்துக்கு மேலும் மூக்கோரத்திலும் உதட்டிலும் தெரியலாம். எழுத்து குதிப்பதைக்கூட, தசை முடிச்சுகளை விரிவாக ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் ஜேனட் டிராவெல் இந்தத் தசையோடு சேர்த்தே குறித்திருக்கிறார்.

வலப்பக்கம் மட்டும் வலிப்பதற்கு உங்கள் பயணமே காரணமாக இருக்கலாம். காலையில் வடக்கு நோக்கிப் போகும்போது கடல் பக்கத்து வெயில் வலக்கண்ணில் விழுகிறது. மாலையில் தெற்கு நோக்கித் திரும்பும்போது மேற்கு வெயிலும் அதே கண்ணில்தான் விழுகிறது. ஆகவே முதலில் நல்ல குளிர்கண்ணாடி அணியுங்கள். இருட்டியபின் அதைக் கழற்றிவிட வேண்டும். நாற்பதைத் தாண்டியதால், கிட்டத்து எழுத்தைப் படிக்கக் கண்ணாடி தேவையா என்றும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நோய் இல்லை என்பதும் பவர் தேவையில்லை என்பதும் வேறு வேறு.

கையைக் கழுவிவிட்டு, கண்ணை மூடி, புருவத்துக்குச் சற்றுக் கீழே எலும்பு விளிம்பின்மேல் விரல் நுனியைக் குறுக்காக மெல்ல நகர்த்திப் பாருங்கள். சிறு நரம்புக்கயிறுபோல் ஓரிடம் தட்டுப்பட்டு, அழுத்தியதும் மூக்கோரத்தில் அதே பழகிய வலி எழுந்தால், அங்கே 20 நொடி இதமாக அழுத்தி விடுங்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை போதும். விழியின்மேல் அழுத்தம் படவே கூடாது. காதின் பின்புறத்திலிருந்து நெஞ்செலும்புக்கு இறங்கும் கழுத்துத் தசையும் இந்த முடிச்சைத் தூண்டக்கூடும்; அதை மட்டும் நீங்களே அழுத்தாமல் இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கண் சிவந்து பார்வை மங்கினாலோ, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தாலோ, நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் கிளம்பினாலோ, தசையைத் தேடிக்கொண்டிராமல் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.