லட் போட்டாலே முகம் ஆரஞ்சாகிறது. புதிதாக எடிட்டிங் கற்பவர் கலர் கரெக்‌ஷனை எங்கே தொடங்குவது?

மதுரையில் கல்யாண வீடியோ எடிட்டிங் புதிதாகத் தொடங்கியிருப்பதாகச் சொல்கிறீர்கள். கையில் டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு. நெட்டில் இறக்கிய லட்டைப் (LUT, நிறத்தை ஒரேயடியாக மாற்றும் ஃபைல்) போட்டதும் பெண், மாப்பிள்ளை முகம் ஆரஞ்சாகிவிடுகிறது, அரக்குப் பட்டு கருப்பாகிவிடுகிறது. கரெக்‌ஷனும் கிரேடிங்கும் ஒன்றா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்றில்லை. கேமராவும் விளக்கும் சேர்ந்து கெடுத்த நிறத்தை இருந்தபடிக்குக் கொண்டுவருவது கரெக்‌ஷன். அது முடிந்த பிறகு, படத்துக்கு ஒரு சாயல் வேண்டும் என்று நாமாகவே நிறத்தை ஒரு பக்கம் தள்ளுவது கிரேடிங். ஸ்டுடியோக்களில் இரண்டையும் சேர்த்து ‘டி.ஐ. (டிஜிட்டல் இன்டர்மீடியட்) பண்ணு’ என்று ஒரே வாயில் சொல்லிவிடுவதால் புதிதாக வருகிறவர்கள் நேராக இரண்டாவதில் குதித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், கல்யாண வேலையில் முக்கால்வாசிக்கு மேல் கரெக்‌ஷன்தான். முகமும் பட்டும் சரியாக வந்துவிட்டால் கிரேடிங்கே இல்லாமல் கொடுத்தாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

முதலில் உங்கள் ஆரஞ்சு முகம். லட் என்பது ஒரு அட்டவணை, அவ்வளவுதான். இந்தச் சிவப்பு, பச்சை, நீலம் உள்ளே வந்தால் இந்தச் சிவப்பு, பச்சை, நீலத்தை வெளியே கொடு என்று எழுதி வைத்த பட்டியல். பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு 33 புள்ளிகள். நடுவில் விழுவதைக் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். உங்கள் படத்தில் முகம் எது, மணவறை எது என்று அதற்குத் தெரியாது. சோனியின் எஸ்-லாக்3 மாதிரி, பிறகு எடிட்டில் நிறம் ஏற்றிக்கொள்ளலாம் என்று கேமராவே வெளுப்பாகப் பதியும் லாக் ஃபுட்டேஜுக்கு என்று செய்த லட்டை, சாதாரண புரொஃபைலில் எடுத்த கிளிப் மேல் போட்டால் ஏற்கனவே இருக்கும் கான்ட்ராஸ்ட்டும் சாச்சுரேஷனும் (நிறத்தின் அடர்த்தி) இன்னொரு தடவை ஏறும். முகம் ஆரஞ்சு, அரக்கு கருப்பு. நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறியும் அப்படியே பொருந்துகிறது. இதுவாகத்தான் இருக்க வேண்டும். லட் ஃபைலின் பெயரைப் பாருங்கள். எஸ்-லாக், சி-லாக், வி-லாக் என்று ஏதாவது இருந்தால் அது லாக் ஃபுட்டேஜுக்கான மாற்றும் லட். உங்கள் கேமராவை லாக்கில் வைத்து எடுக்கவில்லை என்றால் அது உங்களுக்கு வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். அதற்கும் முன்னால் ஒன்று: விண்டோஸில் ‘நைட் லைட்’ ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ராத்திரி உட்கார்ந்து எடிட் பண்ணுகிறவர்கள் கண்ணுக்கு இதமாக இருக்கிறதே என்று போட்டு வைத்திருப்பார்கள். திரை மஞ்சளாகத் தெரிவதால் நீங்கள் படத்தில் நீலத்தை ஏற்றுவீர்கள். காலையில் பார்த்தால் கல்யாண வீடே ஜுரம் கண்ட மாதிரி இருக்கும். மானிட்டரில் ‘விவிட்’ மாதிரியான மோடு இருந்தால் அதையும் அணைத்து, கலர் டெம்பரேச்சரை 6500 கெல்வினில் வையுங்கள்.

மானிட்டர் சரியாக இருந்தாலும் கண்ணை நம்ப முடியாது. ஒரு மஞ்சள் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் அதையே வெள்ளையாக ஏற்றுக்கொள்ளும். அதற்காகத்தான் படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் அளந்து காட்டும் ஸ்கோப். ரிசால்வின் கலர் பேஜில் மூன்று ஸ்கோப் பழகினால் போதும். வேவ்ஃபார்ம் வெளிச்சத்தின் அளவைக் காட்டும்: கீழே கருப்பு, மேலே வெள்ளை. பரேட் அதையே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டும். வெக்டர்ஸ்கோப் வட்டமாக இருக்கும்: எந்த நிறம், எவ்வளவு அடர்த்தி என்பது அதில் தெரியும்.

ரிசால்வில் திருத்தங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் ஒவ்வொரு கட்டமும் ஒரு நோட். முதல் நோடில் வெளிச்சம் மட்டும். லிஃப்ட்டை இறக்கி, கருப்பு வேவ்ஃபார்மின் அடிக்கோட்டுக்குச் சற்று மேலே வரும்படி வையுங்கள். கெயினால் வெள்ளை மேல்கோட்டைத் தொடாமல் நிற்கட்டும். முகம் இருப்பது நடுவில், அதைக் காமாவால் சரிசெய்யுங்கள். ஓமப்புகை எழும் நேரத்தில் கருப்பு தானாகவே சாம்பலாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதை அடிமட்டத்துக்கு இழுத்தால் புகையின் அழகே போய்விடும், பாதி இறக்கினால் போதும். எடுக்கும்போதே வெளுத்துப்போன இடம், உதாரணத்துக்கு ஃபோகஸ் லைட் நேராக விழுந்த மல்லிகைச் சரம், எந்த நோடாலும் திரும்பி வராது. அதில் நேரத்தைப் போடாதீர்கள்.

இரண்டாவது நோடில் ஒயிட் பேலன்ஸ். இங்கேதான் நம் ஊருக்கே உரிய ஒரு பள்ளம் இருக்கிறது. வெள்ளை எது என்று தேடினால் எல்லாரும் மாப்பிள்ளை வேட்டியில் போய் பிக்கரை (இதுதான் வெள்ளை என்று தொட்டுக் காட்டும் கருவி) வைப்பார்கள். அது நீலம் போட்டுத் துவைத்த வேட்டி. போதாததற்கு சோப்புத்தூளில் இருக்கும் வெண்மையூட்டியும் வெயிலில் நீலத்தைக் கூட்டிக் காட்டும். அந்த நீலத்தை ‘இதுதான் வெள்ளை’ என்று மென்பொருளுக்குச் சொன்னால் அது படம் முழுக்க மஞ்சளைக் கலந்துவிடும். மல்லிகையோ லேசாகப் பாலாடை நிறத்தில் இருக்கும், அதையும் நம்ப வேண்டாம். தாம்பூலப் பையோடு வைத்த பேப்பர், எவர்சில்வர் பாத்திரத்தின் மங்கலான சாம்பல் பக்கம், சுவர்க்கடிகாரத்தின் முகம் என்று இரண்டு மூன்று இடத்தில் பார்த்து, பரேட்டில் மூன்று நிறமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வரும் இடத்துக்கு டெம்பரேச்சரையும் டின்ட்டையும் கையால் நகர்த்துங்கள். மலிவு எல்.இ.டி. எரியும் ஹாலில் முகம் பச்சை பாய்ந்திருந்தால் அது டெம்பரேச்சரால் போகாது. டின்ட்டை மெஜந்தா பக்கம் கொஞ்சம் தள்ள வேண்டும்.

அடுத்தது முகம். என் கணக்கில் எல்லாமே இதில்தான் இருக்கிறது. வெக்டர்ஸ்கோப்பில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே, மேல் இடப்பக்கமாக ஒரு கோடு போகும். செட்டிங்கில் ‘ஸ்கின் டோன் இண்டிகேட்டர்’ என்று இருப்பதை ஆன் பண்ணினால் தெரியும். முகத்தைச் சுற்றி ஒரு பவர் விண்டோ (அந்த இடத்தை மட்டும் தனியாகப் பிரிக்கும் வளையம்) போட்டு ஹைலைட் பட்டனை அழுத்துங்கள், ஸ்கோப்பில் முகத்தின் நிறம் மட்டும் நிற்கும். கருப்போ மாநிறமோ சிவப்போ, மனிதத் தோல் எல்லாமே இந்தக் கோட்டின் அக்கம்பக்கத்தில்தான் விழும். ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவது வெளிச்ச அளவும் அடர்த்தியும்தான். நிறத்தின் திசை அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவே முகம் கோட்டைத் தாண்டி மஞ்சள் பக்கமோ சிவப்பு பக்கமோ வெகுதூரம் போயிருந்தால் ஒயிட் பேலன்ஸ் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

இதற்கும் விலக்கு உண்டு. நலங்கு அன்று மஞ்சள் பூசிய முகம் கோட்டில் விழக் கூடாது, மஞ்சள் பக்கம்தான் நிற்க வேண்டும். முகூர்த்தத்தில் பெண்ணின் முகத்தில் இருப்பது தோல் அல்ல, மேக்கப். போதாததற்கு அரக்குப் பட்டின் சிவப்பு தாடையின் அடியில் எதிரொளிக்கும். அப்போது கையையும் கழுத்தையும் பாருங்கள், அல்லது பக்கத்தில் நிற்கும் தாய்மாமாவை. அவர் மேக்கப் போட்டிருக்க மாட்டார்.

‘பொண்ணைக் கொஞ்சம் கலராக் காட்டுங்க தம்பி’ என்று வீட்டார் கேட்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள். காமாவைத் தூக்கி முகத்தை வெளுக்க வைத்தால் தோல் சாம்பல் பூத்துப்போகும், குங்குமம் மங்கும், மூக்குத்தி மினுக்கம் காணாமல் போகும். அதை நான் செய்வதில்லை. மாநிறப் பெண் மாநிறமாகவே நல்ல வெளிச்சத்தில் நிற்பதுபோல இருந்தால் வீட்டாருக்குப் பிடித்துவிடுகிறது. முகத்துக்கு ஓரம் மென்மையான விண்டோ, அதில் காமா ஒரு துளி, குறைந்த சாச்சுரேஷனைக் கொஞ்சம் திருப்பி ஏற்றுதல், முகம் நகரும்போது கூடவே போகும்படி விண்டோவை டிராக் பண்ணுதல். இது போதும்.

மண்டபத்தில் கஷ்டமே விளக்குக் கலப்புதான். வீடியோ லைட் 5600 கெல்வின், மணவறையின் மஞ்சள் ஃபோகஸ் 3200 பக்கம், மேலே டியூப்லைட், பின்னால் ஊதாவும் நீலமுமாக பார் லைட் (மேடைக்குப் போடும் கலர் லைட்). எல்லாவற்றையும் ஒரே ஒயிட் பேலன்ஸில் சரிசெய்ய யாராலும் முடியாது. முகத்துக்குச் சரி செய்துவிட்டுப் பின்னணியை மஞ்சளாகவே விடுங்கள். பார்க்கிறவர்களுக்கு அது கல்யாணக் களையாகத்தான் தெரியும். பார் லைட்டின் நீலம் முகத்தில் திட்டுத்திட்டாக, ஓரம் வெட்டினாற்போல விழுந்திருந்தால், நீலச் சேனல் உச்சத்தை முட்டி நிற்கிறது என்று பொருள். ஹூ வெர்சஸ் சாச்சுரேஷன் கர்வில் நீலத்தை மட்டும் இறக்கினால் திட்டு ஓரளவு அடங்கும், முழுதாகப் போகாது. தாலி கட்டும் பத்து நிமிஷம் மட்டும் கலர் லைட்டை நிறுத்தச் சொல்லி லைட் செட்டிங் அண்ணனிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசி வைப்பது எந்த பிளக்இன்னையும் விட மேல்.

இரண்டு கேமரா ஃபுட்டேஜைப் பொருத்துவதற்கு: நன்றாக வந்த ஷாட்டில் ரைட் கிளிக் செய்து ஸ்டில் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த கேமராவின் ஷாட்டோடு வைப் போட்டு (இரண்டையும் ஒரே திரையில் பாதிப் பாதியாக வைத்து) ஒப்பிடுங்கள். முதலில் கருப்பு, பிறகு வெள்ளை, பிறகு நடு, கடைசியில் சாச்சுரேஷன். வரிசை மாறினால் சுற்றிச் சுற்றி வருவீர்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு கடைசி நோடில் வேண்டுமானால் கிரியேட்டிவ் லட், அதாவது சாயல் மட்டும் கொடுக்கும் லட் போடுங்கள். கீ பகுதியில் அந்த நோடின் அவுட்புட் கெயினை 1இலிருந்து 0.3, 0.4க்கு இறக்கிப் பாருங்கள். முழு அளவில் நன்றாக இருக்கும் லட்டை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். முக்கியமாக நிழலை நீலப்பச்சைக்கும் முகத்தை ஆரஞ்சுக்கும் தள்ளும் அந்த டீல்-ஆரஞ்சு வகை. சித்திரைத் திருவிழா வீடியோவில் அதைப் போட்டு அழகர் ஆற்றில் இறங்குவதை எடிட் பண்ணினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். விடியற்காலை, வானம் நீலம், சுற்றிலும் ஃபிளட் லைட், தங்கக் குதிரை மேல் அழகர் பச்சைப் பட்டு உடுத்தி வருகிறார். பச்சைப் பட்டு என்றால் அந்த வருஷம் நாடு செழிக்கும் என்று வைகைக்கரையில் நிற்கிற அத்தனை சனமும் நம்புகிறது. உங்கள் லட் அந்தப் பச்சையை நீலப்பச்சைக்குத் தள்ளிவிடும், தங்கத்தைச் செம்பாக்கிவிடும். ‘இந்த வருஷம் என்ன பட்டு’ என்று வெளியூரிலிருந்து வாட்ஸ்அப்பில் பார்க்கும் அப்பத்தாவுக்கு உங்கள் வீடியோ தப்பான தகவல் சொல்லும். இந்த மாதிரி இடத்தில் வானத்தின் நீலத்தைக் கொஞ்சம் விட்டுவிடலாம். பட்டும் குதிரையும் கண்ணால் கண்டபடி இருந்தே ஆக வேண்டும். கல்யாணத்திலும் இதே கதைதான். கூறைப்புடவையின் நிறத்தைக் கடையில் மணிக்கணக்காக உட்கார்ந்து தேர்ந்தெடுத்தவர்கள் வீடியோவில் அந்த நிறத்தைத்தான் முதலில் தேடுவார்கள்.

அப்புறம், லாக்கில் எடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கேமரா 10 பிட் பதிவு செய்யும் என்றால் எடுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் 1024 படிகள் இருக்கும். 8 பிட்டில் 256தான். அதில் லாக்கைப் பதிந்து எடிட்டில் இழுத்தால் வானத்திலும் மண்டபச் சுவரிலும் பட்டை பட்டையாக உடையும். 8 பிட் கேமராவோ சாதாரண ஃபோனோ என்றால் இயல்பான புரொஃபைலில் எடுத்து, கான்ட்ராஸ்ட்டை மட்டும் கேமராவிலேயே கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த முகூர்த்தத்துக்குப் போகும் கேமராமேனிடம் இரண்டு விஷயம் சொல்லி அனுப்புங்கள். ஆட்டோ ஒயிட் பேலன்ஸை அணைத்துவிட்டுக் கெல்வினைப் பூட்டச் சொல்லுங்கள். ஆட்டோவில் விட்டால் சிவப்புப் புடவை ஒன்று ஃப்ரேமைக் கடக்கும்போதெல்லாம் முகத்தின் நிறம் ஷாட்டின் நடுவிலேயே மாறும், அதைக் கீஃப்ரேம் போட்டுத் திருத்துவது உங்கள் தலையில் விழும். இன்னொன்று, மணவறையில் லைட் செட் ஆனதும் மணமக்கள் உட்காரும் இடத்தில் ஒரு கிரே கார்டை (எந்த நிறமும் சாயாத சாம்பல் அட்டை) பிடித்து எல்லாக் கேமராவிலும் இரண்டு விநாடி பதியச் சொல்லுங்கள். அந்த ஒரு ஃப்ரேமில் பிக்கரை வைத்துச் சரிசெய்த நோடை மற்ற கிளிப்களுக்குக் காப்பி பண்ணிவிடலாம், வேட்டியைத் தேடி அலைய வேண்டியதில்லை.