வெள்ளை வகிடும் கறுப்புப் பின்னலும்

கேள்வி: எனக்கு வயது 54. நாற்பது வயதிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு முறை வீட்டிலேயே கறுப்பு டை போட்டு வந்தேன். இனி நரையோடு இருந்துவிடலாம் என்று நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. இப்போது வகிடு நெடுக வெள்ளையும், அதற்குக் கீழே இடுப்புக்குச் சற்று மேல் வரை கன்னங்கரேலென்ற பின்னலுமாக இருப்பதால், பார்ப்பவர்கள் எல்லாம் "உடம்புக்கு என்ன?" என்று கேட்கிறார்கள். பார்லரில் ப்ளீச் செய்தால் ஒரே நாளில் வெளுத்துவிடும் என்கிறார்கள். செய்துகொள்ளலாமா? அல்லது மருதாணியும் அவுரியும் போட்டுச் சமாளிக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: ப்ளீச் வேண்டாம் என்பதே என் கருத்து. நீங்கள் போட்டு வந்த நிரந்தர டையில் உள்ள அமோனியா, முடியின் மேற்புறச் செதில்களைத் திறந்துவிடுகிறது. அந்த வழியாக உள்ளே போகும் சிறு சிறு சாய மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பெராக்சைடு ஒன்றோடொன்று இணைத்துப் பெரிதாக்கிவிடுவதால், அவை திரும்பி வெளியே வர முடியாமல் முடிக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. எந்த ஷாம்புவாலும் அதை முழுமையாகக் கழுவி எடுக்க முடியாது. ஒவ்வொரு முறையும் முடி முழுவதும் டை பூசியிருந்தால், நுனிப்பகுதியில் சாயத்தின் மேல் சாயமாகப் பல அடுக்குகள் ஏறியிருக்கும். அதை ப்ளீச் செய்யும்போது கறுப்பு முதலில் செம்பழுப்பாகவும், பிறகு ஆரஞ்சாகவும், அதன்பின் மஞ்சளாகவும் மாறுமே தவிர, உங்கள் வகிட்டில் தெரியும் வெள்ளி நிறம் ஒரே நாளில் வந்துவிடாது. அந்த மஞ்சளை மறைக்க மீண்டும் மீண்டும் வேறொரு சாயம் பூச வேண்டியிருக்கும். நீங்கள் விட்டு விலக நினைத்ததே அந்த வேலையைத்தானே? போதாக்குறைக்கு, முடி வறண்டு, சீப்பு பட்டாலே ஒடியும் நிலைக்கும் போகலாம்.

மருதாணி விஷயத்தில் பலரும் ஏமாந்துபோகிறார்கள். தூய மருதாணி நரைமுடியில் செம்மஞ்சளாகப் பற்றிக்கொண்டு எளிதில் போகாது. அதன்மேல் அவுரி போட்டால் கறுப்பு கிடைக்கும், ஆனால் இரண்டு மாதம் பொறுத்து வளர்த்த நரையை நீங்களே மறைத்ததாகிவிடும். பிறகு மனம் மாறி ப்ளீச் செய்தால் அவுரி ஏறிய முடி பச்சை நிறம் காட்டுவதும் உண்டு. 'கறுப்பு மருதாணி' என்ற பெயரில் விற்பவை பலவற்றில் டையில் உள்ள அதே ரசாயனச் சாயம்தான் கலந்திருக்கிறது.

ஆகவே, வளரவிட்டு வெட்டுவதுதான் வழி. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 முதல் 1.25 செ.மீ. வளரும். உங்கள் முடி 60 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டால், நீளத்தைக் குறைக்காமல் முழுவதும் நரையாக நான்கு முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். கழுத்தளவுக்கு, அதாவது 25 செ.மீ. அளவுக்கு, வெட்டிக்கொள்ளச் சம்மதித்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்துவிடும். (திருப்பதிக்கு முடி காணிக்கை வேண்டுதல் ஏதும் பாக்கி இருந்தால், அதைவிட விரைவான வழி கிடையாது!) பின்னலை ஒரேயடியாக இழக்க மனமில்லை என்றால், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நுனியில் இரண்டு அங்குலம் வெட்டுங்கள்.

கண்ணை உறுத்துவது நிறத்தைவிட, வெள்ளையும் கறுப்பும் சந்திக்கும் அந்த நேர்க்கோடுதான். நேர் வகிட்டுக்குப் பதிலாக வளைத்து வளைத்து வகிடு எடுத்தாலோ, வகிடின்றித் தூக்கி வாரிக் கொண்டை போட்டாலோ கோடு கலைந்துவிடும். விசேஷங்களுக்குப் போக அதுவும் போதாது என்று தோன்றினால், அனுபவமுள்ளவரிடம் சாயமேறிய பகுதியில் மட்டும் மெல்லிய சில இழைகளுக்கு ஹைலைட்ஸ் (அந்த இழைகளை மட்டும் ப்ளீச் செய்து வெளுக்கவைப்பது) செய்துகொள்ளலாம். ப்ளீச் தலைத்தோலில் படாமல் செய்யச் சொல்லுங்கள்.

நரைமுடி பெரும்பாலும் வறண்டு, சற்று முரட்டுத்தனமாக நிற்கும். குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவினால் படியும். வெயிலாலும் உப்புத் தண்ணீராலும் அது மஞ்சளித்தால், ஊதா நிற ஷாம்புவை வாரம் ஒரு முறை மட்டும் பயன்படுத்துங்கள். தினமும் போட்டால் நரையில் ஊதாச் சாயல் ஏறிவிடும்.