கேள்வி நம்முடையது, பதில் இவருடையது

தஞ்சாவூர் வாசகர் ஒருவர்: ஓமந்தூரார் வளாகத்தில் தலைமைச் செயலகமாகக் கட்டியதை மருத்துவமனையாக்கியது சரியா?

அங்கே வைத்தியத்துக்குப் போன என் அத்தையைக் கேட்டால் 'ரொம்பச் சரி' என்பார். வரி கட்டும் என்னைக் கேட்டால், மாற்றியதைவிட மாற்ற நேர்ந்ததுதான் உறுத்தல்.

ஜெர்மனியின் ஜி.எம்.பி. நிறுவன வடிவமைப்பு. 2010 மார்ச் 13-ல் மன்மோகன் சிங் திறந்தார். வேலை முடியாததால் திறப்பு விழாவுக்கு உச்சியில் வைத்தது சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணியின் செட் கோபுரம்! சினிமாவில்கூட படம் முடிந்துதான் செட்டைக் கலைப்பார்கள். இங்கே ஆட்சியே மாறிவிட்டது. 2011-ல் அரசு கோட்டைக்கே திரும்பியது, 2014 பிப்ரவரியில் இது பல்நோக்கு மருத்துவமனையானது.

சட்டசபைக்கும் ஃபைல்களுக்கும் போட்ட பிளான் வேறு, ஆபரேஷன் தியேட்டருக்கும் ஆக்ஸிஜன் குழாய்க்கும் வேண்டிய பிளான் வேறு. ஒரே கட்டடத்துக்கு இரண்டு முறை செலவு. அதற்கிடையே பூட்டிக் கிடந்த காலத்துக்கு யார் கணக்கு எழுதுவது?

கோட்டையில் இடநெருக்கடி தீர்ந்ததா என்று அடுத்து கேட்பீர்கள். அங்கே தலைமைச் செயலக அலுவலகங்கள் இருக்கும் பத்து மாடி நாமக்கல் கவிஞர் மாளிகையில் ஒருமுறை மதியம் லிஃப்டுக்கு நின்று பாருங்கள்.

அத்தையோ, "இங்கதான் எம்.எல்.ஏ.வெல்லாம் உட்கார்ந்தாங்களா?" என்று கேட்டபடியே மாத்திரை வாங்கப் போனார்.