உத்யம் போட்டால் ஜிஎஸ்டி வருமா? சேலத்துச் சிறுதொழில்காரர்களின் கேள்விகள்

சின்னப் பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. பதிவு என்றாலே மிரளும் ஆட்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

வெள்ளியை வியாபாரி தருகிறார், நாலு பேர் கொலுசு செய்து கூலி வாங்குகிறோம். உத்யம் போட்டால் ஜிஎஸ்டி கட்டச் சொல்வார்களா? (செவ்வாய்ப்பேட்டை)

மாட்டார்கள் அண்ணே. இரண்டும் வேறு வேறு. உத்யம் என்பது மத்திய அரசின் சிறுதொழில் பதிவு; நீங்கள் தொழில் செய்கிறீர்கள் என்பதற்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். 2020 ஜூலையிலிருந்து இருக்கிறது. ஆதார், பான் இருந்தால் போதும்.

கூலி வேலை சேவைக் கணக்கில் வரும். வருடம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி. அந்த 20 லட்சம் உங்கள் கூலி மட்டும். பட்டறையில் புரளும் வெள்ளி உங்களுடையது இல்லையே! அதன் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் பயப்படுகிறார்கள்.

அப்புறம், பதிவுக்குக் கட்டணம் கிடையாது. இதற்கே 2,000 ரூபாய் வாங்கிய ஓர் ஆளிடம் என் சொந்தக்காரர் ஏமாந்தார்.

தட்டுவடை செட் தள்ளுவண்டி வைத்திருக்கிறேன். பெங்களூருவில் ஜிபே வரவைப் பார்த்து நோட்டீஸ் விட்டார்களாமே, ஸ்கேனரை எடுத்துவிடட்டுமா?

எடுக்காதீர்கள் தம்பி. 2025இல் கர்நாடகத்தில் நோட்டீஸ் போனது உண்மை. ஆனால் அது ஜிஎஸ்டி வரம்பைத் தாண்டியதாகத் தெரிந்தவர்களுக்கு. சமைத்துக் கொடுப்பதற்கும் 20 லட்சம்தான் வரம்பு. வருடம் முழுக்க ஒருநாள் விடாமல் தினம் 5,400 ரூபாய்க்கு மேல் வந்தால் யோசிக்கலாம். ஸ்கேனர் வரவு வங்கிக்குக் காட்ட நல்ல சாட்சி. மாநகராட்சியின் வியாபாரி அடையாள அட்டை இருந்தால் தெருவோர வியாபாரிகளுக்கான மத்திய அரசுக் கடன் திட்டமான பிஎம் ஸ்வநிதியில் முதலில் 15,000, அடைத்தால் 25,000, பிறகு 50,000 வரை ஈடில்லாமல் கடன். ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் மானியம். கந்து வட்டிக்குக் காலையில் வாங்கி ராத்திரி கட்டுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மூன்று தறி. சேலை நெய்து கொடுத்து மூன்று மாதமாகப் பணம் வரவில்லை. பதிவு இருந்தால் வாங்கித் தருவார்களா? (இளம்பிள்ளை)

சட்டம் உங்கள் பக்கம். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் வர வேண்டும், இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. சரக்குக் கொடுப்பதற்கு முன்பே உத்யம் கையில் இருக்க வேண்டும். பணம் தராத வியாபாரி அந்தச் செலவை அந்த வருட வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறை.

ஆனால் நடப்பதையும் சொல்கிறேன். சில வியாபாரிகள் உத்யம் உள்ளவரிடம் வாங்குவதையே தவிர்க்கிறார்கள். புகார் கொடுத்தால் அடுத்த பாவு (தறியில் ஏற்றும் நூல்) வராது என்ற பயம் உங்களுக்கும் இருக்கும். சலுகையை அறிவித்துவிட்டு, அதைக் கேட்கிறவன் வேலை இழந்தால் யார் பதிவு செய்வார்? தனி ஆளாகப் போகாமல் நாலைந்து தறிக்காரர்கள் சேர்ந்து மாவட்டத் தொழில் மையத்தில் முதலில் பேசிப் பாருங்கள்.

ஏற்காட்டில் காபித்தூள், மிளகு, வீட்டுச் சாக்லேட் விற்கிறேன். ஆன்லைனில் விற்கலாமா?

விற்கலாம் அக்கா. தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்றால், 2023 அக்டோபரிலிருந்து ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர்களும் ஜிஎஸ்டி இணையதளத்தில் ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கி ஆன்லைன் தளங்களில் விற்க முடிகிறது. பொருள் விற்பனைக்கு வரம்பு வேறு: வருடம் 40 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பெங்களூருக்கு ஒரே ஒரு பாக்கெட் அனுப்பினாலும் ஜிஎஸ்டி வேண்டும். அங்கே தொகை எவ்வளவு என்று பார்ப்பதில்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவு எப்படியும் தேவை. அதை முதலில் வாங்குங்கள்.

இதெல்லாம் போட்டால் வருமான வரி எகிறுமே?

சின்ன வியாபாரத்துக்கு நோட்டு நோட்டாகக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ரொக்க வரவில் 8 சதவீதம், வங்கி வழி வந்ததில் 6 சதவீதம் லாபம் என்று காட்டலாம். 10 லட்சம் வங்கி வழி வந்தால் லாபம் 60,000. வேறு வருமானம் இல்லாதவருக்கு அதற்கு வரியே வராது.